நலமும் நினைவும்

நோய் தீருமெனில் உடலின் ஓர் உறுப்பை இழக்கவும் மனிதன் உடன்படுகிறான். அழுகிய விரலை அகற்ற நாம் நெடுநேரம் தயங்குவதில்லை. அகற்ற வேண்டிய இடம் மூளையாயின் அஞ்சுகிறோம். விரலை இழந்தவன் அவனாகவே இருக்கிறான். மூளையின் ஒரு பகுதியை இழந்தவனும் அவனாகவே இருப்பானோ என ஐயுறுகிறோம்.

இவ்வையம் வெறுங்கற்பனையன்று. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயால் துன்புற்ற ஹென்றி மொலைசன் என்னும் 27 வயது இளைஞருக்கு 1953-ஆம் ஆண்டு வில்லியம் ஸ்கோவில் என்பார் அறுவை மருத்துவம் செய்தார். மூளையின் இருபுறத்துப் பொட்டு மடல்களிலும் உட்பகுதிகள் அகற்றப்பட்டன. வலிப்பு பெரிதும் குறைந்தது. ஆனால், புதிய நிகழ்ச்சிகளை நினைவில் இருத்தும் ஆற்றலும் உடன்போயிற்று. 2008-இல் மறையும்வரை அது மீளவில்லை.

அவ்விழப்பினின்று மருத்துவ உலகம் பாடம் கற்றது. இன்று நினைவாற்றலை முன்னரே சோதிக்கின்றனர். இருபுறத்தையும் அவ்வாறு அகற்றுவதில்லை. கனடாவில் 80 நோயாளிகளிடம் நிகழ்த்தப்பெற்ற ஆய்வொன்று 2001-இல் வெளிவந்தது. பாதிப்பேர் அறுவைக்கும், எஞ்சியோர் மருந்துக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். ஓராண்டின் முடிவில் அறுவைப் பிரிவினருள் 58 விழுக்காட்டினர் நினைவிழக்கச் செய்யும் வலிப்பினின்று விடுபட்டிருந்தனர். மருந்துப் பிரிவினருள் 8 விழுக்காட்டினரே விடுபட்டனர். அறுவையால் நால்வருக்குத் தீய விளைவுகள் நேர்ந்தன. மருந்துப் பிரிவில் ஒருவர் உயிரிழந்தார்.

எனவே, கத்தியைத் தவிர்ப்பதே தீங்கற்ற வழி எனக் கருதுதல் பிழையாகும். தக்க மருந்துகள் இரண்டை முறையாக உட்கொண்டும் வலிப்பு அடங்காவிடில், அறுவை பொருந்துமா என ஆராய்தல் வேண்டும். வேலூரிலும் திருவனந்தபுரத்திலும் அதற்கு வாய்ப்புண்டு. காத்திருத்தலும் ஒரு முடிவே, அதற்கும் விலையுண்டு.

அவ்விலையைக் கொடுப்பவர் யார்? நோயாளியே. முடிவு செய்வோரோ, நம் இல்லங்களில் பெரும்பாலும் பெரியவர்களாகிய நாமே! அன்பினால்தான் மறுக்கிறோம், எனினும் ஊரார் பேச்சுக்கு அஞ்சுவதையும் அன்பென்றே எண்ணிக்கொள்கிறோம். மொலைசனின் இழப்பு பிறர்க்குப் பயன்பட்டது உண்மை. அதனால் அவர் இழந்தது நேர்செய்யப்பட்டதாகாது; நமக்குக் கடன் ஏற்பட்டது என்பதே பொருள். பெறுவதையும் இழக்கக்கூடியதையும் ஒளிக்காமல் நோயாளியிடம் எடுத்துரைத்து, அவர் சொல்லுக்குச் செவிசாய்ப்பதே அக்கடனைத் தீர்க்கும் வழி. அவர் தலைக்குள் இருப்பது அவருடைய வாழ்வன்றோ!