குத்தூசி படாத மூட்டை

ஒரு பொருளை மலிவாக வாங்கிவிட்டோம் என்று மகிழ்கிறோமே, அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? விற்றவர் நமக்கு உறவினரல்லர். தருமம் செய்ய வந்தவருமல்லர். தமக்குச் சேர வேண்டிய தொகையில் பெரும்பகுதியை அவர் விட்டுக்கொடுத்தார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது நம் ஊர்ப் பழமொழி. சுண்டைக்காயின் விலையைச் சொல்ல ஒரு வியாபாரி இருக்கிறார். சுமைகூலியைச் சொல்லத்தான் எவரும் இல்லை. அதை வீடு வந்து சேர்ந்த பின்னரே அறிகிறோம்.

இந்தப் பழைய கேள்வியை இன்று நம் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பது, கைமாறி வரும் ஸ்போர்ட்ஸ் கார். தாழ்ந்த உடலும் அகன்ற டயரும் இரண்டே கதவும் உடைய அயல்நாட்டு வண்டிகள் ஒரு காலத்தில் திரைப்பட நடிகர்களுக்கும் ஆலை அதிபர்களுக்கும் மட்டுமே உரியவையாக இருந்தன. இப்போது பெங்களூரிலும் கொச்சியிலும் பழைய கார் விற்கும் கூடங்களில் அவை விலைச்சீட்டுடன் நிற்கின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய ஒன்றைப் புதிய குடும்பக் காரின் விலைக்கே பேசி முடிக்கலாம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த விருதுநகர் இளைஞரும், சிவகாசியில் தந்தையின் அச்சகத்தைக் கவனிக்கத் தொடங்கிய பிள்ளையும் அதன்முன் நின்று ஆசைப்படுவதில் வியப்பில்லை. அழகிய பொருளை விரும்புவது குற்றமும் அன்று.

விளங்கிக்கொள்வதற்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். புதிதாக ஐம்பது லட்சம் ரூபாய்க்கு விற்ற வண்டி பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பத்து லட்சத்துக்குக் கிடைக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு! ஆனால் அதன் பிரேக் தட்டும், கிளட்சும், ஷாக் அப்சார்பரும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைக்குமா? கிடைக்கா. அவை ஐம்பது லட்ச ரூபாய் வண்டிக்காக வடிக்கப்பட்டவை. அந்தத் தகுதிக்குரிய விலையிலேயே இன்றும் விற்கப்படுகின்றன. ஆண்டுதோறும் ஏறியும் வருகின்றன. இறங்கியது வண்டியின் விலை மட்டுமே, வண்டி இறங்கவில்லை. பத்து லட்சத்துக்கு வாங்கியவர் ஐம்பது லட்சக்காரரின் வீட்டுச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறார். யானையை மலிவாக வாங்கலாம். மலிவான தீனி தின்னும் யானை எங்கும் இல்லை.

அந்தச் செலவு எவ்வாறு பிறக்கிறது என்பதையும் சற்று நின்று பார்க்க வேண்டும். வண்டி ஓடினால்தான் தேயும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "முதல் உடைமையாளர் அதிகம் ஓட்டவேயில்லை" என்று தரகர் சொல்லும்போது அதை ஒரு நற்சான்றாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ரப்பருக்கு ஓட்டக் கணக்கு மட்டுமன்று, வயதுக் கணக்கும் உண்டு. குழாய்கள், சீல்கள், புஷ்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே இறுகி வெடிக்கும். விருதுநகரின் சித்திரை வெயில் அதற்குத் துணை செய்யும். எந்திரத்துக்குள் டைமிங் பெல்ட் என்று ஒரு பட்டை சில வண்டிகளில் உண்டு. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது அதை மாற்ற வேண்டும் என்பது தயாரித்தவர் வகுத்த விதி. மாற்றாமல் விட்டு அது ஓட்டத்தில் அறுந்தால், பல எந்திரங்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். ஒரு பட்டைக்காகச் செலவிடத் தயங்கியவர் எந்திரத்தையே பிரித்துப் போட நேர்கிறது. ரேடியேட்டரில் உரிய நீர்மத்துக்குப் பதிலாக நம் ஊர் உப்புத் தண்ணீரை ஊற்றி வந்திருந்தால் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கும். எந்திரம் சூடேறிய அன்றுதான் அது வெளிப்படும். அகன்று மெலிந்த டயர் ஒரு குழியில் விழுந்தால் டயரோடு சக்கரத்தின் விளிம்பும் வளையும். வேகத்தடை தோறும் வண்டியின் அடிவயிறு உரசும்.

பொருளுக்கு மேல் கூலி. சிறிய உறுப்பொன்றை எட்டுவதற்கே எந்திரத்தைக் கீழே இறக்க வேண்டிய அமைப்பு இவ்வகை வண்டிகளில் மிகுதி. பக்கத்துப் பட்டறையில் கைதேர்ந்த மெக்கானிக் இருப்பார். அம்பாசிடரையும் மாருதியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டியவர்தாம். எனினும் இந்த வண்டிக்குரிய ஸ்கேனர் கருவி அவரிடம் இராது. ஆகவே வண்டி மதுரைக்கோ, அதற்கும் அப்பாலோ இழுவை வண்டியில் ஏறிச் செல்கிறது. அது ஏறிச் செல்லும் காட்சியைத் தெருவே பார்க்கிறது.

இது அயல்நாட்டு வண்டிக்கு மட்டும் உரிய கதையன்று. 1985-இல் நம் தமிழ்நாட்டிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் காரை வெளியிட்டது. அதன் உடல், 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட இங்கிலாந்து ரோவருடையது. இங்கிலாந்தில் அதற்கு எட்டு சிலிண்டர் எந்திரம் இருந்தது. இங்கே பொருத்தப்பட்டதோ 1940-களில் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் எந்திரம். தோற்றம் பந்தயக்காரனுடையது, மூச்சு முதியவருடையது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது, ஆலையும் மூடப்பட்டது. ஆலை மூடிய பின் அந்த வண்டியை மலிவாக வாங்கியவர்கள் ஒரு கண்ணாடிக்கும் ஒரு விளக்குக்கும் ஊர் ஊராக அலைய வேண்டியதாயிற்று. பணம் இருந்தும் பொருள் இல்லாத நிலை அது.

இனிச் சிவகாசியைப் பார்ப்போம். பழைய எந்திரம் வாங்குவதில் அவ்வூராருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த நாள்முதல் எந்திரம் அவ்வூரின் அன்றாட உறவினர். காலண்டரும் நாட்குறிப்பும் அச்சாகும் பல அச்சகங்கள் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஓடி ஓய்ந்த ஆஃப்செட் எந்திரங்களைக் கொண்டே எழுந்து நின்றன. அந்த எந்திரத்தை வாங்கப் போகும் அச்சகத்தார் என்ன செய்கிறார்? எத்தனை தாள் அடித்தது என்ற எண்ணைப் பார்க்கிறார். அந்த எண்ணை நம்பாமல் உருளையைத் தடவிப் பார்க்கிறார். ஓடவிட்டு ஓசை கேட்கிறார். தாளைப் பிடிக்கும் கிரிப்பரின் தேய்மானத்தை விரலால் அறிகிறார். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், கழற்றி மாட்ட ஆள் யார் என்று கேட்டறிந்த பின்னரே விலை பேசுகிறார். அவருக்கும் பழுது வராமலில்லை. ஆனால் அது எதிர்பாராத செலவாக வருவதில்லை. முன்னமே ஒதுக்கி வைத்த செலவாக வருகிறது.

அதே வீட்டுப் பிள்ளை கார் வாங்கப் போகும்போது இந்தக் கேள்விகளில் ஒன்றையும் கேட்பதில்லை. அறியாமையாலா? அன்று. அத்தாவோடு பத்து எந்திரம் பார்த்துப் பழகிய பிள்ளைதான். கேட்டால் வாங்க முடியாமற் போய்விடுமோ என்ற அச்சமே காரணம். நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இந்த அச்சத்தைப் பற்றியே.

முதலில் விற்பவரின் பொறுப்பை ஒதுக்கிவிட முடியாது. விருதுநகர் மண்டிகளில் மூட்டையை அவிழ்க்காமலே உட்சரக்கை அறியக் குத்தூசியைச் செருகி எடுப்பார்கள். மேலே நல்ல மல்லியும் அடியில் ஈரமல்லியும் இருந்தால் அந்த ஊசி காட்டிக்கொடுத்துவிடும். மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தையே நுழைத்து ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்பதே பெருமானாரின் வினா. நனைந்தது அவர் குற்றமன்று, மறைத்ததே குற்றம். இதிலிருந்து எழுந்த சட்ட நுணுக்கத்தைத்தான் ஃபிக்ஹு நூல்கள், குறை வெளிப்பட்டால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும் உரிமை என்று விரிவாகப் பேசுகின்றன.

இக்காலத்துப் பழைய கார் வாணிகம் இந்த உரிமையைக் கடக்க ஒரு வாசகத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. 'வண்டியை இருக்கிற நிலையில் பார்த்துத் திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன்' என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். இதுவும் புதியதன்று. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் வந்த வழக்கொன்றை இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்திருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு ஓர் அடிமையை எண்ணூறு திர்ஹத்துக்கு விற்றார்கள். நோய் இருந்ததைச் சொல்லவில்லை என்று வாங்கியவர் முறையிட்டார். நோயை அறியாமலே விற்றேன் என்று சத்தியம் செய்யுமாறு உஸ்மான் (ரலி) தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து விற்றதைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். பின்னர் நோய் நீங்கியதும் ஆயிரத்து ஐநூறுக்கு விற்றார்கள். மனிதரை விலை பேசிய அக்காலத்து முறையை நம் மனம் ஒப்பாது. ஆயினும் தீர்ப்பின் நுட்பம் கருதத்தக்கது. எழுதி வாங்கிய நிபந்தனை அங்கே முடிவான விடையாகவில்லை; உமக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வி அதற்கு மேல் நின்றது.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கும் பழைய கார்ச் சந்தையே பொருள். பழுதுள்ள காரை அந்நாட்டார் 'எலுமிச்சை' என்பர். நல்லதையும் எலுமிச்சையையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, இரண்டுக்கும் நடுத்தரமான ஒரு விலையையே தர முன்வருவார். அந்த விலைக்குத் தம் வண்டியைத் தர மனமில்லாமல் நல்ல வண்டிக்காரர் சந்தையை விட்டு விலகிவிடுவார். எஞ்சுவன எலுமிச்சைகளே. 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்தளிக்கக் காரணமான சிந்தனை இது. மறைப்பவன் தன்னிடம் வாங்கியவனை மட்டும் கெடுப்பதில்லை, நேர்மையாக விற்க வந்தவனையும் சந்தையிலிருந்து விரட்டுகிறான் என்பது இதன் பொருள்.

ஆனால் எல்லாப் பழியையும் விற்றவர் தலையில் ஏற்றிவிட்டு எழுந்துபோக நமக்கு உரிமை இல்லை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு அது பிறந்த வாரம், பின்னிரண்டு ஆண்டு. படிக்கத் தெரிந்தவர் எவரும் அரை நிமிடத்தில் படித்துவிடலாம். பணிமனைப் பதிவேட்டைக் கேட்கலாம். கட்டணம் கொடுத்து மெக்கானிக் ஒருவரை உடனழைத்துச் செல்லலாம். பதிவாகிப் பதினைந்து ஆண்டு நிறையும்போது தகுதிச் சோதனைக்குப் பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை ஆர்.சி. புத்தகத்தின் தேதியே சொல்லும். குத்தூசி கையில் இருந்தும் செருகாதவர், ஏமாற்றப்பட்டேன் என்று சொல்வதில் பாதிதான் உண்மை.

மீதிப் பாதியின் செலவை யார் கொடுக்கிறார்கள்? வாங்கிய இளைஞர் மட்டுமா? கியர் பாக்ஸ் பழுதாகி நிற்கும் மாதத்தில் தங்கையின் கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போகிறது. உம்மாவின் வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போகிறது. இவர்களை யாரும் கலந்து பேசவில்லை. விலை பேசிய அன்று இவர்கள் அங்கே இல்லை. இவ்வளவு செலவழித்துவிட்டோமே, இன்னும் கொஞ்சம்தானே என்று அடுத்த பில்லுக்கும் தலையாட்டுகிறார்கள். போன பணம் அடுத்த பணத்தை இழுத்துச் செல்லும் விந்தை அது.

பில்லைக் கொடுக்க முடியாத மாதத்தில் நடப்பதோ இதனினும் கொடியது. எந்திரம் ஓடினால்தான் வண்டி நகரும். ஆகவே எந்திரத்துக்குச் செலவு செய்கிறார்கள். பிரேக் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் வண்டி நகரும். ஆகவே அதைத் தள்ளிப்போடுகிறார்கள். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில், வேகத்துக்கென்றே பிறந்த ஒரு வண்டி, நிற்கும் ஆற்றலில் பாதியை இழந்து பறக்கிறது. அதே சாலையைத்தான் அதிகாலையில் பட்டாசு ஆலைக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேனும் கடக்கிறது. பட்டாசு அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி வேண்டும் என்ற விதிகளை மீறியதன் விலையை இந்த மாவட்டம் பலமுறை கொடுத்திருக்கிறது. கொடுத்தவர்கள் பெரும்பாலும், மிச்சம் பிடித்த பணத்தில் பங்கு பெறாதவர்கள்.

ஒருநாள் இந்த இளைஞரும் அந்த வண்டியை விற்கத்தான் போகிறார். இரண்டு ஆண்டுச் செலவுக்குப்பின் அதன் ஒவ்வொரு குறையும் அவருக்கு மனப்பாடம். பில்கள் அனைத்தும் ஒரு கோப்பில் இருக்கின்றன: மாற்றியவை எவை, மாற்றச் சொல்லி மெக்கானிக் எழுதிக்கொடுத்தும் மாற்றாமல் விட்டவை எவை என்று. சாவியோடு அந்தக் கோப்பையும் கொடுத்தால் கேட்கும் விலையில் நிச்சயம் ஒரு பகுதி குறையும். தரகர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுவார்.