மரபு: யாருக்குச் சொத்து, யாருக்குச் சுமை?

மரபறிவு, மண்ணின் அறிவு, முன்னோர் ஞானம். இந்த வார்த்தைகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. அரசாங்கம் பேசுகிறது, தொண்டு நிறுவனங்கள் பேசுகின்றன, இயற்கை வேளாண்மைக்குத் திரும்பிய பண்ணைக்காரரும் பேசுகிறார். வெள்ளைக்காரன் கொடுத்த படிப்பு பிள்ளைகளை மண்ணிலிருந்து பிய்த்துப் போட்டுவிட்டது, பள்ளிக்கூடத்தில் வட்டாரக் கலைகளையும் கைத்தொழில்களையும் சொல்லித்தர வேண்டும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பூருக்குப் பக்கத்து மங்கலத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவில் கிடக்கிற எங்கள் வளவில் நின்று கேட்கிறபோது, ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. முன்னோர் என்றால் யாருடைய முன்னோர்? அந்த அறிவை அவர்கள் விரும்பி வைத்துக்கொண்டார்களா, அல்லது வைத்திருந்தே தீரவேண்டும் என்று அவர்கள் தலையில் கட்டப்பட்டதா?

எங்களிடம் அறிவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தது. கொங்குச் சீமையின் தோட்டங்களை வாழவைத்ததே அந்த அறிவுதான். இது மழை குறைந்த பூமி. கிணற்றுத் தண்ணீரை எருது கட்டிக் கவலை இறைத்துத்தான் பயிர் செய்தார்கள். அந்தக் கவலைக்கு வேண்டிய தோல் பறியைத் தைத்தவர்கள் மாதாரிகள், அதாவது இன்றைக்கு அருந்ததியர் என்று சொல்லிக்கொள்கிற நாங்கள். பறி கிழிந்தால் அன்றைக்குப் பாசனம் நின்றது. பண்ணாடி ஆளனுப்பினால் ராத்திரியென்றும் பார்க்காமல் போய்த் தைத்துக் கொடுக்கவேண்டும்.

எங்க தாத்தாவுக்கு இந்த வேலை தெரியும். செத்த மாட்டின் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்தால் ரோமம் கழலும். பிறகு சவ்வைச் சீவிக் கழுவி, ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரில் போடவேண்டும். முதலில் இளசான சாறு, நாளாக நாளாகக் கெட்டியான சாறு. முதல் நாளே கெட்டியாகப் போட்டால் மேல்தோல் மட்டும் இறுகிக்கொண்டு உள்ளே பச்சையாக நின்றுவிடும். கடைசியில் கடுக்காய். இதை அவர் விரலால் அழுத்திப் பார்த்தும் மோந்து பார்த்துமே சொல்வார். பட்டையில் இருக்கிற டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகவிடாமல் காக்கிறது என்கிறது வேதியியல். 1948இல் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே இதே காரியம் விஞ்ஞானம். எங்கள் வளவில் இதே காரியம் நாத்தம். அங்கே செய்தால் டாக்டர் பட்டம், இங்கே செய்தால் தீட்டு.

இந்த அறிவுக்கு என்ன மரியாதை கிடைத்தது? அறுவடைக் களத்தில் கொஞ்சம் தானியம், செத்த மாட்டின் தோல், கறி. தாத்தா தைத்த பறி போய்வந்த கிணற்றுக்குள் தாத்தா இறங்க முடியாது. தோல் வழியாக வந்த தண்ணீர் தீட்டுப்படவில்லை. தைத்த கைதான் தீட்டு. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ‘எனக்கு இந்த வேலை வேண்டாம்’ என்று சொல்லுகிற உரிமை அவருக்கு இருக்கவில்லை. சொன்னால் பண்ணையமும் போகும், குடிசையும் போகும்.

ஆகவே மரபைப் பற்றிய கேள்வி, அது உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதல்ல என்று நினைக்கிறேன். விட்டுவிட முடியாத இடத்தில் இருப்பவனுக்கு அது மரபாகவே இருக்க முடியாது. அது அவனுக்கு விதிக்கப்பட்ட கட்டளை. வேண்டாம் என்று சொல்ல முடிந்தவன் கையில் இருக்கிறபோதுதான் அதே வேலை அறிவாகிறது, கலையாகிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதுச் சண்டையல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழிலைப் படிப்பது கேவலம் என்பதாலா எதிர்த்தார்கள்? இல்லை. நஞ்சு இருந்தது ‘பெற்றோரின்’ என்கிற ஒற்றைச் சொல்லில். வக்கீல் மகன் வீட்டுக்குப் போனால் சட்டப் புத்தகம். எங்கள் அப்பன் மகன் வீட்டுக்குப் போனால் சுண்ணாம்புத் தொட்டி.

அந்தச் சொல் செத்துவிடவில்லை. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் செருப்புத் தைப்பது, சவரம், சலவை உள்ளிட்ட 18 தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் தருகிறது. கைத்தொழிலாளிக்குக் கடன் கிடைப்பது நல்லதுதான். ஆனால் குடும்ப வழியாக வந்த பாரம்பரியத் தொழில் என்பது அதில் அடிப்படை, குறைந்த வயது 18. பதினெட்டு என்றால் பையன் காலேஜில் சேருகிற வயசு. தமிழ்நாடு அரசு இந்தக் குடும்பத் தொழில் நிபந்தனையை எதிர்த்தது. 2024இல் இந்த வடிவத்தில் நிறைவேற்ற மாட்டோம் என்று மறுத்தது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையோ, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் வட்டாரத் தொழிலாளர்களிடம் பழக வேண்டும் என்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று சொல்லியிருப்பதை ஒத்துக்கொள்கிறேன். உதாரணமாகத் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் என்று எழுதியிருக்கிறார்கள். செருப்புத் தைக்கிறவர் அந்த வரிசையில் இல்லை. கவுண்டர் வீட்டுப் பையன் எங்கள் பெரியவரிடம் வந்து உட்கார்ந்து தோல் தைக்கப் படிக்கிற நாள் வந்தால், அந்தப் பத்து நாளை நானே முன்னின்று நடத்துவேன்.

இனி எதிர்வாதம். ‘எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுட்டா நம்ம கையில என்ன தோழர் மிஞ்சும்? அவங்க எழுதின வரலாறுதானே?’ என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. பறை பற்றிய விவாதத்தில் நாம் இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்ட ஊர்கள் எத்தனையோ. அதே காலத்தில் பறையை விடுதலையின் இசையாக மேடைக்குக் கொண்டுவந்த குழுக்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மறுத்தவர் சரியா, மீட்டவர் சரியா? இரண்டு பேரும் சரி என்பதே என் கட்சி. மறுத்தவர்கள் முதலில் மறுத்ததால்தான் மீட்டவர்களின் பறை ஏவலாக இல்லாமல் இசையாகக் கேட்கிறது.

அம்பேத்கர் வழியும் இதுதான். 1927இல் மகாத்தில் செத்த மாட்டின் கறியை விடுங்கள் என்றார். அடுத்த ஆண்டே, மகர்களை ஊர் ஊழியத்தில் பரம்பரையாகக் கட்டிப்போட்ட வதன் முறையை மாற்ற பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 2016இல் குஜராத் ஊனாவில் தோலுரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள் தலித்துகள். நீயே எடு என்றார்கள். அந்த வேலையில் எவ்வளவு அறிவும் உழைப்பும் இருந்தது என்று ஊருக்கு அப்போதுதான் உறைத்தது.

எம்.ஏ. தமிழ் படிக்கையில் ஐந்திணைக் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை எழுதி மார்க் வாங்கினேன். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை. பரீட்சைத் தாளில் பறைக்குத் தீட்டு கிடையாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆண்டு விழா. பாரம்பரியக் கலை என்று தப்பட்டை நிகழ்ச்சி வைத்தார்கள். ஆசிரியை நல்ல மனசுக்காரர்தான். ஆனால் எட்டுப் பையன்களைப் பொறுக்கியதில் எட்டும் எங்கள் வளவுப் பிள்ளைகள். ‘இவங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு’ என்றாராம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற ஒரு அக்கா ஒருநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்க் கேட்டார்: “ஏனுங் டீச்சர், எம்பையன் மட்டும் எதுக்குங்க அடிக்கோணும்? மத்த பசங்களுக்குக் கையில்லீங்களா? அவனுக்கு ரத்தத்துல ஒண்ணுமில்லீங்க. கணக்குல தொண்ணூறு மார்க்கு வாங்குறானுங்க.”

எங்கள் மாலைப் பள்ளியில் இதைப் பற்றி நாலு நாள் பேசினோம். பையன்களில் ரெண்டு பேருக்கு அடிக்க ஆசை. அவர்களைத் தடுக்க எங்களுக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கடைசியில் பள்ளிக்கு ஒரு கோரிக்கை எழுதிக் கொடுத்தோம். வகுப்புக்கே கற்றுக்கொடுங்கள், விருப்பப்பட்டவர் எந்தத் தெருவிலிருந்தும் சேரட்டும். சொல்லிக்கொடுக்க எங்கள் பெரியவரைக் கூப்பிட்டால் வாத்தியார் என்று நாற்காலி போட்டுச் சம்பளம் கொடுங்கள். வேண்டாம் என்கிற பிள்ளையை விட்டுவிடுங்கள். பதில் வரவில்லை. அந்த ஆண்டு நிகழ்ச்சியே நின்றுபோனது. மற்ற தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகள் தப்பட்டையைத் தொட ஒப்பவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். பாரம்பரியக் கலை என்று மைக்கில் சொல்லலாம், தன் பிள்ளை தோளில் மட்டும் தொங்கக்கூடாது.

ஊர் வழக்கமும் வட்டார ஞானம் என்ற கணக்கில்தான் வருகிறது, மறந்துவிட வேண்டாம். 2018இல் எங்கள் மாவட்டத்தில், திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் அருந்ததியப் பெண் ஒருவர் சமைக்கக்கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர்கள் மறித்தார்கள். அதிகாரி அவரை இடமாற்றம் செய்தார். போராட்டம் நடந்தபிறகே அந்த ஆணை ரத்தாயிற்று, வன்கொடுமை வழக்கும் பதிவாயிற்று. மறித்தவர்களுக்கும் அது முன்னோர் வகுத்த முறைதான். சமூகத்தின் ஞானத்தைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள் என்போர் எந்த ஞானத்தை வாசலிலேயே நிறுத்தப்போகிறோம் என்றும் சொல்லவேண்டும்.

அப்படியானால் தாத்தாவின் அறிவு அழிந்துபோகட்டுமா? 1932இல் பைக்காராவில் நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அதன்பின் கோவைப் பக்கத்துக் கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் ஏறியது, கவலை ஓய்ந்தது, பறிக்கு வேலையில்லை. எங்கள் ஆட்கள் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போனார்கள். எங்கள் வளவில் அதற்காக யாரும் அழுததாகக் கேள்வியில்லை. அதைப் பாதுகாக்கும் கடன் அதனால் விளைச்சல் கண்டவர்களுடையது. கொங்குப் பாசன வரலாறு எழுதுகிறவர்கள் எருதையும் கிணற்றையும் எழுதுவதோடு பறி தைத்தவரையும் எழுதட்டும். வேதியியல் பாடத்தில் ஆவாரம் பட்டை வரட்டும், அதைக் கண்டறிந்தவர்கள் யார் என்பதும் வரட்டும். எங்கள் பேரப்பிள்ளைகள் அதை எடுக்கலாம், விடலாம்.

எங்கள் முன்னோர் விட்டுப்போனது தோலும் பறையும் மட்டும்தான் என்பதும் பிறர் போட்ட கணக்கு. அயோத்திதாசர் சித்த மருத்துவர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை தொடங்கியவர். 1920களில் சென்னை மாகாணச் சட்டசபையில் இருந்த எல்.சி.குருசாமி அருந்ததியருக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். நூறு வருஷம் ஆகப்போகிறது. ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசியோடு வருகிற அம்மாக்கள் எங்கள் மாலைப் பள்ளி வாசலில் பிள்ளைக்காக நிற்கிறார்கள் அல்லவா, அதுவும் வழிவழியாக வந்ததுதான். மரபைக் கேட்டு வருகிறவர்களிடம் இதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுவோம்.