காவற்பொறியும் அறப்பொறுப்பும்

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது ஈழத்தில் வழங்கும் பழமொழி. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் வயற்புறத்திலுள்ள அடம்பன் என்னும் ஊரும் அக்கொடியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பலர் திரண்டு எழுதும் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டிலும், அதன் தமிழ்ப் பதிப்பு 2003ஆம் ஆண்டிலும் தோன்றின. இத்திரட்சியே அவற்றின் மிடுக்கு. ஆயின், எவரும் எழுதலாம் என்னும் உரிமை, எவரும் சிதைக்கலாம் என்னும் இடரையும் உடன்கொணர்ந்தது. அமெரிக்க இதழாளர் ஜோன் செய்கென்தலரைக் கென்னடி கொலையுடன் தொடர்புபடுத்திய பொய்யொன்று, 2005இல் ஆங்கிலப் பதிப்பில் ஏறத்தாழ நான்கு திங்கள் திருத்தப்படாது கிடந்தது.

இத்தகைய தீங்கைத் தடுக்கப் பொறிகள் அமைக்கப்பட்டன. ஆங்கிலப் பதிப்பில் 2009இல் நடைமுறைக்கு வந்த வடிகட்டி, வகுத்த விதிகளின்படி ஐயத்துக்குரிய தொகுப்பைச் சேமிக்கப்படுமுன்னரே எச்சரிக்கும் அல்லது தடுக்கும். 2010இல் வந்த 'குளூபொட் என்ஜி' என்னும் தானியங்கியோ, மனிதர் நன்று தீது என வகைப்படுத்திய தொகுப்புக்களிலிருந்து கற்றுப் புதியவற்றுக்கு மதிப்பெண் இடும். குறித்த எல்லையைக் கடந்ததை விரைவில் நீக்கிப் பழைய நிலைக்கு மீட்கும்.

அறவியல் வினா இங்கேதான் எழுகின்றது. பொறி காண்பது செயலின் தடயத்தை, கருத்தையன்று. அடம்பனைப் பற்றிய கட்டுரையில் பிழையான பந்தியொன்று இருப்பதாகக் கொள்வோம். அவ்வூர் முதியவர் ஒருவர் பெயர் பதியாது, காரணமும் எழுதாது அதனை நீக்குகின்றார். குறும்பன் ஒருவன் நல்ல பந்தியொன்றை நீக்குகின்றான். பொறியின் நோக்கில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றக்கூடும்.

பொறிக்கு விருப்பு வெறுப்பு இல்லையாதலின் அது நடுநிலையானது எனச் சிலர் வாதிப்பர். அவ்வாதம் முழுமையானதன்று. எல்லையைத் தளர்த்தினால் தீங்கு தப்பிச் செல்லும். இறுக்கினால் குற்றமற்றோரும் தடுக்கப்படுவர். எத்தனை நல்லோர் தவறாகத் தடுக்கப்படுவதை ஏற்கலாம் என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை. எல்லையை வகுக்கும் மனிதரே தீர்மானிக்கின்றனர். ஆகவே பொறியிடம் ஒப்படைக்கப்படுவது உழைப்பு மட்டுமே. பொறுப்பு மனிதரிடமே எஞ்சுகின்றது.

இப்பொறுப்பின் பாரம் எங்கும் ஒரேயளவினதன்று. பெருநகர் பற்றிய கட்டுரையில் ஒருவர் தடுக்கப்பட்டால் அதே பிழையைப் பிறர் திருத்துவர். சிற்றூரை அறிந்து எழுத முன்வருவோரோ மிகச் சிலர். அவருள் ஒருவர் மனம் நொந்து விலகின், அவ்வூரின் வரலாறு அதனை அறியாதோர் எழுதியவாறே நிலைத்துவிடும்.

எனவே காவற்பொறி வேண்டும். அதன் முடிவு இறுதியானதாதல் கூடாது. தடுக்கப்பட்டவருக்குக் காரணம் அவருடைய மொழியிலேயே கூறப்படல் வேண்டும். முறையிட வழியும், அதனைச் செவிமடுக்க மனிதர் ஒருவரும் இருத்தல் வேண்டும். பக்க வரலாறு பேணப்படுவதால் நீக்கிய எழுத்தை எளிதில் மீட்கலாம். விலகிச் சென்ற மனிதரை அவ்வாறு மீட்டல் அரிது. திரட்சியைக் காக்க அமைத்த பொறி, திரண்டு வருவோரையே விரட்டாதிருக்கக் காண்பது அதனை அமைத்தோரின் கடன் என்பது எமது துணிபு.