வாயிலில் நிற்போரின் காலம்

பிறர் பொருளைக் கவர்தல் களவென்பதை யாவரும் ஒப்புவர். பிறர் காலத்தைக் கவர்தல் களவாகுமா? வேலை நாடி வந்த ஒருவனை ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ கூறாது நெடும்பொழுது நிறுத்திவைத்துத் திருப்பியனுப்பும் முதலாளி, அவனிடமிருந்து எதனையேனும் எடுத்துக்கொண்டவன் ஆவானா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

பஞ்சாலைகளில் பதிலி முறை நெடுங்காலம் நிலவியது. நிலையான தொழிலாளி வராத நாளில் அவனிடத்தை நிரப்பப் பதிலி ஆட்கள் ஆலை வாயிலில் காத்திருப்பர். எவரை அழைப்பதென்பது மேஸ்திரியின் விருப்பம். அவ்விருப்பத்திற்கு விலையும் இருந்தது. இக்கேட்டைக் குறைக்க 1935இல் பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் பதிலிக் கட்டுப்பாட்டு முறையைக் கொணர்ந்தது. மாதத் தொடக்கத்தில் சிலருக்குச் சீட்டு வழங்கப்பட்டது. அவர்கள் நாள்தோறும் காலையில் ஆலைக்கு வரல் வேண்டும், காலியிடம் அவர்களுக்கே. கைக்கூலி குறைய வழி பிறந்தது. எனினும் சீட்டுப் பெற்றவனுடைய காலைப்பொழுது ஆலைக்கே உரியதாயிற்று. வேலையில்லாத நாளில் கூலியில்லை. வேறிடம் கூலிக்குச் செல்லும் வேளையும் கடந்துவிடும். யானும் ஓர் ஆலை வாயிலில் அவ்வாறு நின்றவனாதலின், ‘இல்லை’ என்னும் சொல்லினும் அச்சொல் வருமளவும் கழிந்த பொழுதே கொடிதென்பதை அறிவேன்.

இப்பொழுதிற்கு மதிப்புண்டெனச் சட்டமும் ஒருவாறு ஒப்பியது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் செய்த திருத்தப்படி, பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளி குறித்த வேளையில் வந்தும் 2 மணி நேரத்திற்குள் வேலை தரப்படாவிடின், அந்நாள் அவனுக்கு லே-ஆப் நாளாகும். ஓராண்டுப் பணி முடித்தோர்க்கு அடிப்படைக் கூலி, பஞ்சப்படி இரண்டிலும் பாதி இழப்பீடாக வகுக்கப்பட்டது. பதிலிக்கோ அவ்விழப்பீடு இல்லை! வாயில் ஒன்றே, காத்திருத்தலும் ஒன்றே. ஒருவன் பொழுதிற்கு விலையுண்டு, மற்றவன் பொழுதிற்கு இல்லை என்பது என்ன நீதி?

“நான் அழைக்கவில்லை, அவனாகவே வந்தான்” என முதலாளி கூறலாம். பசித்தவன் வருகையை முழு விருப்பமென்று கொள்வது எங்ஙனம்? மேலும், வாயிலில் ஆள் நிற்பதாலன்றோ ஆள் குறைந்த நாளிலும் தறி நில்லாது ஓடுகிறது? ஆதலின் காத்திருத்தலும் ஒரு பணியே. அப்பணியின் பயனைக் கொண்டு ஈடு தராதவன், கொடாததை எடுத்தவனே ஆவான். இரண்டாம் சீலம் விலக்குவது இதனையே.

சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் முதலாளிக்கு வகுத்த ஐந்து கடமைகளுள், உரிய காலத்தில் ஓய்வளித்தலும் ஒன்று. நற்சொல்லின் இலக்கணங்களுள்ளும் காலமறிந்து சொல்லுதல் ஒன்றாகும். ஆகவே வேலை இல்லையெனின் அதனை விரைந்து, இன்சொல்லால் கூறுதலும் அறமேயாம்.

1982இல் தொடங்கிய பெருவேலைநிறுத்தத்திற்குப் பின் பம்பாய் ஆலைகள் பல மூடப்பட்டன. வாயில்கள் மறைந்தும் அவ்வழக்கம் மறையவில்லை. ஆளை முன்னரே முடிவு செய்துவிட்டுப் பலரை நேர்முகத் தேர்வுக்கு வரவழைப்போர் இன்றும் உளர். கடன் வாங்கி இரயிலேறி வந்த இளைஞன், முடிவு தெரியாது மாதக்கணக்கில் காத்திருக்கிறான்; கைக்கு வந்த வேறு வேலையையும் இழக்கிறான்.

அன்பர்களே! வாயிலில் நின்றோரின் மக்கள் சிலர் இன்று மேசைக்கு அப்புறம் அமர்ந்து ஆள் எடுக்கின்றனர். அவர்கள் வேலையின் தன்மையையும் கூலியையும் முன்னரே அறிவிப்பாராக. குறித்த வேளையில் அழைப்பாராக. வேண்டாதவரை அன்றே விடுவிப்பாராக. வீட்டிற்கு வெள்ளையடிக்க ஆள் தேடும் நமக்கும் இக்கடன் உண்டு. பறித்த பொருளைத் திருப்பித் தரலாம். பறித்த நாளை எவரால் திருப்பித் தரவியலும்?