கேட்டால் சொல்லும் மாயை

கோலாலம்பூரில் ஒரு கணினி மையத்தில் எட்டு வருடம் இரவு வேலை ஆபரேட்டராக இருந்தேன். அங்கிருந்த மெயின்ஃபிரேமில் ஓடியது ஐபிஎம்மின் விஎம். வேலையை விட்டுப் பல காலமாகியும் அது எழுப்பிய ஒரு கேள்வி என்னை விடவில்லை: நல்லதுக்காக உருவாக்கும் மாயை பொய்யாகுமா?

விஎம்மின் வேர் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையம். ராபர்ட் கிரீசியின் குழு அங்கே உருவாக்கிய சிபி-40, 1967இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1972இல் விஎம்/370 அறிவிக்கப்பட்டது. ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்தாலும் ஒவ்வொருவருக்கும் அது முழுசாகத் தனக்கே என்று காட்டுவதுதான் யோசனை. கார்டு படிக்கும் கருவி, பிரிண்டர் எல்லாம் ஆளுக்கு ஒன்று, எதுவும் நிஜமில்லை. உள்ளே ஓடும் இயங்குதளம் அதிகாரம் தேவைப்படும் கட்டளையைப் போட்டால், கீழே இருக்கும் சிபி என்ற நிரல் அதைப் பிடித்து, விளைவைத் தானே உண்டாக்கிக் கொடுக்கும். இருப்பதைவிடக் கூடுதல் நினைவகத்துக்கும் வாக்குக் கொடுக்கும். உடனே தேவைப்படாத பக்கங்களை வட்டில் ஒதுக்கிவைத்து, கேட்கும்போது எடுத்து வரும்.

இதைக் கற்றுக்கொண்டபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்கள் ஐந்து பேரை வளர்த்தவர். தட்டில் மீன் துண்டை வைக்கும்போது, "உனக்குன்னு எடுத்து வச்சேன்யா" என்பார். ஐந்து பேரிடமும் அதையே சொன்னார். அம்மாவின் செல்லம் நான்தான் என்று ஐந்து பேரும் நம்பினோம்.

அது பொய்யா? ஏமாந்தவனுக்கு நட்டமில்லையே என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் விஎம்மில் இன்னொன்று உண்டு. செயலியின் அடையாளத்தைக் கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. கேட்டால் சிபி மறைக்காது. இது மெய்நிகர் இயந்திரம் என்ற குறியைப் பதிலிலேயே வைத்துவிடும். விஎஸ்1 என்ற இயங்குதளம் அப்படித் தெரிந்துகொண்டு, பக்கம் மாற்றும் வேலையைத் தானும் செய்யாமல் சிபியிடமே விட்டுவிட முடிந்தது. இரட்டை வேலை மிச்சம்.

எங்கள் வீட்டில் அக்கா மட்டும் ஒருநாள் கேட்டார்: "நீங்க சாப்ட்டீங்களாம்மா?"

"இன்னும் இல்லம்மா. சோறு முடிஞ்சிருச்சு."

அன்றிலிருந்து சட்டி அக்கா கைக்கு வந்தது. அம்மாவுக்கு எடுத்து வைத்த பிறகுதான் எங்களுக்குப் பரிமாறினார்.

கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும் மாயையைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே குற்றம் ஏதும் இருந்தால், அது கேட்காமலே சாப்பிட்டவனுடையது. அம்மா இப்போது இல்லை. அந்த ஒரு கேள்வியை நான் கடைசிவரை கேட்கவே இல்லை.