குடும்பத்துக்காகவா, குடும்பத்தோடா?

"குடும்பம்தான் முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்." இதை மறுத்துப் பேசும் தமிழர் ஒருவரைப் பினாங்கில் பார்ப்பது கஷ்டம். ஆனால், எல்லாரும் இதை ஒரே பொருளில் சொல்வதில்லை.

ஜார்ஜ் டவுனின் பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி; அங்கேயே கணக்கு, அங்கேயே படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கப்பலேறி வந்தவர்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணைக்கு வந்தார்கள். மனைவி மக்கள் செட்டிநாட்டில். அவர்களிடம் கேட்டிருந்தால், "எனக்குத் தொழில்தான் பெருசு" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? எல்லாம் குடும்பத்துக்காகத்தான். காரைக்குடிப் பக்கம் இன்றும் நிற்கும் பெரிய வீடுகள் அந்த உழைப்புக்குச் சாட்சி. அவற்றில் அப்பாவின் முகம் பார்க்காமல் கழிந்த வருடங்களுக்குத்தான் சாட்சி இல்லை.

1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வணிக வலயம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன, கூடவே ஷிப்ட் வேலையும் வந்தது. இப்போது கடல் தாண்ட வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே, அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பிவிடும். கேட்டால் அதே பதில்: "யாருக்காக இந்த ஓவர்டைம்?"

அந்தப் பதில் பொய் இல்லை. வீட்டுத் தவணை, பிள்ளையின் டியூஷன், அம்மாவின் மருந்து எல்லாம் ஓவர்டைமில்தான் ஓடுகிறது. சம்பளம் போதாதவரிடம் போய் 'குடும்பத்தோடு நேரம் செலவிடுங்கள்' என்று உபதேசம் செய்வது அநியாயம். குடும்பத்துக்கு முதலிடம் தருவது மனசு மட்டும் சார்ந்த விஷயமில்லை, கூலியும் சார்ந்தது.

சட்டமும் இதில் தலையிடுகிறது. மலேசிய வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது. அப்பாவுக்கும் முதன்முறையாக 7 நாள் கிடைத்தது. நல்ல மாற்றம்தான். பிள்ளை பெற்ற உடம்பு தேற நாள் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் 98க்கும் 7க்கும் நடுவில் உள்ள தூரம் முழுவதையும் உடம்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. 'குடும்பம் முதல்ல' என்பது ஆணுக்குச் சம்பாதிக்கும் கடமையாகவும், பெண்ணுக்கு வேலையையும் தோழிகளையும் விட்டுவிடும் கடமையாகவும் பிரிந்து கிடக்கிறது. இலக்கியக் கூட்டத்துக்குத் திருமணமான ஆண் வருகிறான். அவன் மனைவிக்கும் படிக்கும் பழக்கம் இருக்கலாம், அவள் ஏன் வரவில்லை என்று நாம் கேட்பதில்லை.

அதனால், வேலையா, நண்பர்களா, குடும்பமா என்று வரிசை போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. என் குடும்பத்துக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேனா, இல்லை அவர்களைக் கேட்டேனா? பணமே வேண்டும் என்று வீடு சொன்னால் ஓவர்டைமும் அன்புதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரு என்று சொன்னால், அதற்குப் பதிலாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு முதலிடம் தந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. முதலிடம் கிடைத்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.