தடி எப்போது தாழ வேண்டும்?

சோமனூரில் இரவுப் பணி முடிந்து திரும்பும் விசைத்தறித் தொழிலாளி, பாய்ந்து வரும் நாயைத் தடியால் அடித்தால் அது பாவமா? 1926-இல் அகமதாபாத் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் 60 தெருநாய்களைக் கொல்லச் செய்தபோது, அகிம்சை பேசிய காந்தியே வேறு வழியில்லை என்றார். முன்கூட்டிக் கொல்வதையே அவர் ஏற்றபோது, பாயும் கணத்தில் தடுப்பதைப் பாவமென்பது எப்படி? பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவும், குற்ற நோக்கமின்றி வேறொரு தீங்கைத் தவிர்க்க நல்லெண்ணத்தோடு செய்ததைக் குற்றமாக்கவில்லை.

அச்சம் உண்மையா என்று யார் அளப்பது என்பது நியாயமான மறுப்பு. ஊரார் மனசாட்சியிடம் விடலாமென்றால், 1959-இல் கொலை வழக்கில் கடற்படை அதிகாரி நானாவதியை 8-க்கு 1 என்று ஜூரி விடுவித்ததும், பம்பாய் உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தண்டித்ததும் தடுக்கின்றன. நீதிபதியும் தவறலாம், ஆனால் அவர் காரணம் எழுதியாக வேண்டும், அதை மேல்முறையீட்டில் சோதிக்கலாம். ஆபத்து விலகிய பிறகும் அடி விழுந்ததா என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி. அறம் கேட்பதும் அதையே.